காட்டுக்கு ஒரு கடையடைப்பு

கடையடைப்பு என்பது வணிகர்களாகிய நமக்குப் புதிய சொல் அல்ல. வரியை எதிர்த்து அடைத்திருக்கிறோம். அந்நிய நிறுவனங்கள் சில்லரை வணிகத்தில் நுழைவதை எதிர்த்து அடைத்திருக்கிறோம். ஆண்டுதோறும் மே 5-ஆம் நாள் வணிகர் தினத்துக்கு அடைக்கிறோம். பஜாரில் ஒரு பெரியவர் காலமானால் பாதி ஷட்டர் இறக்குகிறோம். ஆனால் மனைவி மக்களுக்காக இரண்டு நாள் கடையை அடைத்தவர்கள் நம் வீதியில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்களுக்குள் கணக்கு முடிந்துவிடும்.

1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடைப் பணியாளருக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தரவேண்டும் என்கிறது. 2021-இல் அதே சட்டத்தில் திருத்தம் வந்து, நின்றுகொண்டே வேலை பார்க்கும் பணியாளருக்கு உட்கார இருக்கை போடவேண்டும் என்றும் ஆயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கும் முதலாளியை எழுந்து நடக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அதை டாக்டர்தான் சொல்கிறார். அவர் சொல்லும்போது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கும்.

இந்த விஷயத்தை இப்போது எழுதக் காரணம், சென்ற மார்கழியில் பொள்ளாச்சி மார்க்கெட்டைச் சேர்ந்த நான்கு கடைக் குடும்பங்கள் சேர்ந்து, மூன்று வயதுக் குழந்தை முதல் எழுபது வயதுப் பெரியம்மாள் வரை, ஆனைமலைக் காட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வந்ததுதான். வந்ததும் விசாரித்தவர்கள் பலர். "அங்கே போய் என்னங்க பண்றது?" என்று கேட்டவர்களும் பலர். இருவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறோம்.

முதலில், ஏன் அந்தக் காடு? ஊட்டி, கொடைக்கானல் இருக்கிறதே என்பார்கள். சீசனில் அங்கே போவது நம் கடைவீதியை மலைமேல் தூக்கி வைத்துப் பார்ப்பதற்குச் சமம். நெரிசல் தாங்காமல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே மாதம் முதல் அந்த இரு ஊர்களுக்கும் இ-பாஸ் முறையே வந்துவிட்டது. ஆனைமலை அப்படியல்ல. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் சுமார் 35 கிலோமீட்டர். காலையில் பால் வாங்கிவிட்டுப் புறப்பட்டால் டிபன் வேளைக்குள் போய்விடலாம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் கல்லாவில் விழும் காசு எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மளிகை வாங்குபவர் யார்? தென்னந்தோப்புக்காரர், கொப்பரைக் களத்துக்காரர், இளநீர் லாரிக்கு ஏற்றுக்கூலி வாங்குபவர். தென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து? பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் வேலை தொடங்கிய திட்டம் அது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆனைமலை ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் ஒன்றோடொன்று இணைத்துக் கிழக்கே திருப்பினார்கள். பரம்பிக்குளம் அணைத் தண்ணீர் துணைக்கடவுக்கு வந்து, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதி மின் நிலையத்தில் விழுந்து, காண்டூர் கால்வாயில் மலையடிவாரத்தை ஒட்டியே ஓடித் திருமூர்த்தி அணைக்குப் போகிறது. அந்த ஆறுகள் பிறப்பது காட்டில். சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் ஓடை வற்றாமல் ஓடுகிறது. நம் பேரேட்டில் முதல் வரவு எழுதவேண்டிய பெயர் அந்தக் காடு. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வீணாகப் போனபோது கடைவீதி முழுவதும் அதே பேச்சாக இருந்தது நினைவிருக்கும். அவ்வளவு கவலைப்பட்ட நம்மில் பெரும்பாலோர் அந்த அணையைக் கண்ணால் பார்த்ததில்லை.

டாப்சிலிப் என்ற பெயருக்கே ஒரு வணிகக் கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் கட்டவும், ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை போடவும் இங்கிருந்து தேக்கு போயிற்று. வெட்டிய மரத்தை மலை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கி விட்டார்கள். அதுதான் டாப்சிலிப். வெட்டினார்கள், வெட்டினார்கள், மொட்டையாகும் வரை வெட்டினார்கள். முதலையே தின்ற வியாபாரம் என்று நாம் சொல்வோமே, அது. பிறகு ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி வந்தார். வேரோடு பெயர்க்காமல் அடிமரத்தை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்ற முறையைக் கொண்டுவந்தார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, நடக்கும்போது கைத்தடியால் மண்ணில் குத்தி, குழியில் ஒரு விதை போட்டு மூடிக்கொண்டே போவாராம். 1933-இல் காலமானார். அவர் கல்லறை அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாத ஒரு வெல்ல மண்டிக்காரர் அங்கே வெகுநேரம் நின்றார். "நாம செத்தா நம்ம பேர்ல என்னங்க நிக்கும், ஜி.எஸ்.டி. நம்பர்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

காட்டில் நடப்பது பற்றிச் சொல்லவேண்டும். தனியாக நடக்க அனுமதி இல்லை. நடக்கவும் கூடாது. யானையும் புலியும் சிறுத்தையும் உள்ள இடம் இது. 2007 முதல் புலிகள் காப்பகம். வனத்துறை ஏற்பாடு செய்யும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும். எங்களுக்கு வந்தவர் மலசர் இனத்து இளைஞர். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடியினர் இந்த மலைகளில் வாழ்கிறார்கள். அவர் பேசியதைவிட நின்றதுதான் அதிகம். திடீரென்று நின்று கையை உயர்த்துவார். நாங்களும் நிற்போம். முதல் நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் அவர் கை உயரும் முன்பே பேரன் மலை அணிலைக் காட்டினான். கறுப்பும் செம்பழுப்புமாக, பூனையைவிட நீளமாக, வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை இருவாச்சி தலைக்கு மேல் பறந்தது. அதன் சிறகுச் சத்தம் கேட்டால் ஏதோ வண்டி வருகிறது என்று நினைப்போம்.

வழியில் நாங்கள் கண்டதில் பாதி நம் கடைச் சரக்கு! சீயக்காய்க் கொடி, பூந்திக்காய் மரம், கடுக்காய், நெல்லி, மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. நாற்பது வருடம் கடுக்காய் எடை போட்டு விற்ற நாம், கடுக்காய் மரத்தை அன்றுதான் நிமிர்ந்து பார்த்தோம். தேன் எடுப்பதைப் பற்றி அந்த இளைஞர் சொன்னார். உயரமான மரத்தில் இரவில் கொடி கட்டி ஏறுவது, புகை போடுவது, அடையில் ஒரு பங்கை விட்டுவைப்பது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்தச் சிறு வனப்பொருட்களின் உரிமையைப் பழங்குடி மக்களுக்கே தந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வந்தபின், தேன் விலையில் அவர்களிடம் பேரம் பேசுவதற்கு நாக்கு வருவது கொஞ்சம் கடினம். வியாபாரிக்கு இது நஷ்டம் என்று சிலர் சொல்லலாம். சொல்லட்டும்.

இனி, சொல்ல மனம் கூசும் ஒன்று. யானை லத்தி கிடந்தது. அந்த இளைஞர் ஒரு குச்சியால் கிளறினார். உள்ளே மினுமினுப்பாக ஒரு துண்டு. பேரன் குனிந்து பார்த்தான். "அப்பாரு, இது நம்ம கடையில தொங்கறதுதானுங்களே?" என்றான். சிப்ஸ் பாக்கெட்டின் ஒரு மூலை. எழுத்துகூட அழியவில்லை. உப்பு வாசனைக்காக யானை அதை மொத்தமாக விழுங்கிவிடுகிறது. மானும் அப்படித்தான். வால்பாறைப் பக்கம் ரேஷன் கடைக் கதவையும் சத்துணவுக் கூடத்தையும் யானை உடைப்பது அரிசிக்கும் உப்புக்கும்தான் என்று நமக்குத் தெரியும். நம் சரக்கின்மேல் யானைக்கு அவ்வளவு பிரியம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. நாமும் துணிப்பைக்கும் காகிதத்துக்கும் மாறினோம், முணுமுணுத்துக்கொண்டே. ஆனால் தொழிற்சாலையிலிருந்தே அடைத்து வரும் பாக்கெட்டுகள் சரம் சரமாகக் கடை முகப்பில் தொங்கத்தான் செய்கின்றன. விற்காதே என்று எவருக்கும் சொல்ல மாட்டோம். வாடிக்கையாளர் கேட்பதை விற்பதுதான் கடை. ஆனால் ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, ஆழியாறு ஆகிய ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குப் போகும் வண்டி வந்து நின்றால் பொரி, வறுகடலை, கடலை மிட்டாய், முறுக்கு ஆகியவற்றை உதிரியாகக் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுங்கள். லாபமும் பாக்கெட்டைவிட இதில்தான் அதிகம். பொட்டலம் மடித்து நூல் சுற்றும் வேலையை இன்றைய கடைப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தால் அந்தக் கலையும் பிழைக்கும்.

நாங்கள் கொண்டுபோன சாப்பாட்டைப் பெண்கள் விசாரிக்கிறார்கள் என்பதால் எழுதுகிறோம். முதல் நாளுக்குப் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், வாழை இலையில் கட்டி. கூடவே கம்பு உருண்டை, கடலை மிட்டாய், பிளாஸ்கில் சுக்குக் காப்பி. எல்லாம் எவர்சில்வர் தூக்கிலும் அடுக்குப் பாத்திரத்திலும். மிச்சமானதைத் திரும்பக் கொண்டுவந்தோம். குரங்குக்குக் கொடுக்கவில்லை. குழந்தைகள் அழுதாலும் கொடுக்கக்கூடாது. கொடுத்துப் பழக்கிய குரங்கு அடுத்த வண்டிக்காரரின் கையைக் கடிக்கும், சாலையில் அடிபட்டுச் சாகும். இரவில் காரில் வெல்லமோ பழமோ வைக்கவேண்டாம். மழைக்காலமானால் அட்டைக்கு ஒரு சிறு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளலாம். அட்டையைப் பிடுங்கக்கூடாது. உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மாலை நேரம். டாப்சிலிப்பில் கைப்பேசிக்கு டவர் கிடைப்பது அரிது. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நான்கு வியாபாரிகளும் திண்ணையில் உட்கார்ந்து, தேங்காய் விலை கேட்க முடியாமல் தவித்த தவிப்பு இருக்கிறதே, வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆறு மணிக்குப் புல்வெளியில் காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு வந்தன. ஏழு மணிக்குப் புள்ளிமான்கள். எட்டு மணிக்குப் பேச்சு தானாக வந்தது. எங்களில் ஒருவரின் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கடையை எடுத்து நடத்த வரமாட்டேன் என்று சொல்லி மூன்று வருடமாகத் தகப்பனுக்கும் மகனுக்கும் சரியான பேச்சு இல்லை. அன்று இருட்டில் அந்தப் பையன் சொன்னான்: "கடை வேண்டாம்னு சொல்லலீங்கப்பா. நீங்க இருக்கற மாதிரி இருக்க வேண்டாம்னுதான் சொல்றேன். எங்க ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒரு தடவைகூட நீங்க வந்ததில்லை." தகப்பனார் பதில் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. அடுத்த நாள் நடையில் இருவரும் கடைசியாக, பின்தங்கி, சேர்ந்து நடந்து வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிள்ளைகள் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் நாம் வருடக்கணக்காகப் பேசுகிறோம். சூப்பர் மார்க்கெட்டையும் ஆன்லைனையும் குறை சொல்கிறோம். அவையும் காரணம்தான். ஆனால் தகப்பனைத் தராசுக்குப் பின்னால் மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடத்தின்மேல் ஆசை எப்படி வரும்?

கோழிகமுத்தி யானை முகாமுக்குக் குழந்தைகளைக் கட்டாயம் கூட்டிப் போகவேண்டும். வளர்ப்பு யானைகளுக்குக் களி உருட்டி ஊட்டுவதைப் பார்க்கலாம். ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு என்று அங்கேயும் மளிகைதான். கலீம் என்ற புகழ்பெற்ற கும்கி இந்த முகாமைச் சேர்ந்தது. 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டது. ஊருக்குள் புகுந்த காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் 99 முறை களத்தில் இறங்கியது. 2023 மார்ச்சில், அறுபது வயதில், வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செய்ய ஓய்வு பெற்றது. யானைக்கு அறுபதில் ஓய்வு. நாம் அறுபதில்தான் இரண்டாவது கிளை திறக்கிறோம்.

கூடாரத்தில் தங்க ஆசைப்படுபவர்கள் பரம்பிக்குளம் போகவேண்டும். அது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் சாலை சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். தங்கள் ஊருக்கே கேரளத்தார் நம் ஊர் வழியாக வரவேண்டிய விசித்திரம்! அங்கே ஆனைப்பாடியில் கேரள வனத்துறை கூடாரங்கள் அமைத்திருக்கிறது. கன்னிமாரா தேக்கு என்று ஒரு மரம் இருக்கிறது. சுமார் 450 வயது என்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர் கை கோத்தும் சுற்றி முடிக்கச் சிரமப்பட்டோம். தமிழ்நாட்டுப் பகுதியில் நம் இஷ்டத்துக்குக் காட்டில் கூடாரம் அடிக்கவோ அடுப்பு மூட்டவோ முடியாது. வனத்துறை விடுதிகளில்தான் தங்கவேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகளைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்களுக்கு 2018 மார்ச் 11-ஐ நினைவூட்டுகிறோம். தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். பதிவு இணையதளத்தில். நம் பக்கத்தில் ஆழியாறு கால்வாய்க் கரைப் பாதை எளிதான வகை. முழங்கால் வலி உள்ளவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரைக்கும் ஒரு பாதை உண்டு. கோடையில் தீ அபாயம் உள்ள வாரங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் சிபாரிசு பிடித்துப் போகப் பார்க்கவேண்டாம்.

எப்போது போவது? இதில் வியாபாரக் கணக்கும் சேரவேண்டும். ஆடி மாதம் விசேஷம் இல்லாததால் மளிகை மந்தம். ஆனால் மலையில் தென்மேற்குப் பருவமழையும் அட்டையும். தை பிறந்தால் கல்யாணச் சரக்கு. ஆகவே மார்கழிதான் தோது. மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் முடிந்துவிடும். பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. பொங்கல் வெல்லமும் பச்சரிசியும் ஜனவரி முதல் வாரத்தில்தான் இறங்கும். டிசம்பர் 21 முதல் 31-க்குள் இரண்டு நாள் எடுத்தால் வியாபாரம் கெடாது. கெட்டாலும் எவ்வளவு? எங்கள் நான்கு கடைகளிலும் அந்த இரண்டு நாள் வரவேண்டிய வாடிக்கையாளர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள்.

விடுதி அறைகள் குறைவு. முன்பதிவு இல்லாமல் போனால் சேத்துமடைச் சோதனைச் சாவடியிலிருந்து மாலைக்குள் திரும்பவேண்டியிருக்கும். எல்லோருக்கும் ஆதார் அட்டை நகல், வயதானவர்களின் மருந்து, கறுப்போ பச்சையோ மங்கிய நிற உடை, டார்ச் லைட் எடுத்துக்கொள்ளவும். வழியில் ஆனைமலை மாசாணியம்மனைத் தரிசிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசி வேண்டிக்கொள்ளும் சன்னதி அது. வராத பாக்கி உள்ளவர்களுக்கு இரட்டைப் பயன்.

வரும் மார்கழிக்கு இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்து போகலாம் என்று பேசியிருக்கிறோம். வர விரும்புவோர், எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள், யாருக்கு முழங்கால் வலி என்ற விவரத்துடன் ஐப்பசிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் அறை பதிவு செய்ய வசதியாக இருக்கும். பணியாளர்களுக்கு அந்த இரண்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடவும். அவர்களுக்கும் குடும்பம் உண்டு.